பேர் போடாத வழி

ஓட்டத்துக்கு வழி பார்க்கப் போனால் நான் முதலில் எண்ணுவது பீலிகளைத்தான். மலை ஊற்றுத் தண்ணீர் மூங்கில் வழியாகவோ தகரம் வழியாகவோ இறங்கி விழும் இடத்தை எங்கள் பக்கம் பீலி என்போம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் இருந்தால் பக்கத்தில் பீலி இருக்கும். சில இடங்களில் லயம் இடிந்து போயிருக்கும். கருங்கல் அத்திவாரம் மானாப் புல்லுக்குள் கிடக்கும், பீலி மட்டும் விழுந்துகொண்டிருக்கும். அங்கே நின்று கொப்பியில் எழுதுவேன்: தண்ணீர் உண்டு, ஆட்கள் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் என்னிடம் படித்த ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் கொழும்பில் கணினி வேலை பார்க்கிறான். ஒருவன் கொட்டகலையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். ஒரு பெண் பிள்ளை தாதியாக இருக்கிறாள். லூல்கந்துரவில் தொடங்கிப் பொகவந்தலாவையில் முடிகிற மாதிரி ஒரு நெடுந்தூர மலை ஓட்டம் நடத்த வேண்டும், வழியை நான் பார்த்துத் தர வேண்டும் என்றார்கள். மரதன் 42.195 கிலோமீற்றர். அதைத் தாண்டிய ஓட்டத்தை 'அல்ட்ரா' என்கிறார்கள். இவர்கள் கேட்ட வழி ஏறி இறங்கி எண்பதுக்கு மேல் வரும். ஒரு பகலும் ஒரு இரவும் ஓட வேண்டியிருக்கும்.

"ஆளே இல்லாத காட்டு வழியாப் பாத்துக் குடுங்க சேர். வெளிநாட்டுல இருந்து ஓட வர்றவங்க அதத்தான் விரும்புவாங்க" என்றான் கணினிக்காரன்.

அவன் கேட்டதில் தவறில்லை. உலகத்தில் பெயர் பெற்ற நெடுந்தூர ஓட்டங்களில் சில பாலைவனத்திலும் பனிமலையிலும் நடக்கின்றன. ஆனால் நாங்கள் வழி பார்க்க நடந்த ஏழு நாளும், ஆளே இல்லாத வழி என்று ஒன்றை என்னால் இந்த மலையில் காட்ட முடியவில்லை. காடாகத் தெரிந்த இடத்திலும் கால் வைத்தால் கல் அடுக்கிய கானு, அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால், தட்டுப்பட்டது. யாரோ வெட்டிய கானு, யாரோ அடுக்கிய கல். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் எடுத்த வழியில் பெரும்பகுதி இப்போது 'பெக்கோ ட்ரெயில்' என்று வெளியுலகத்துக்குத் தெரிந்த நடைபாதையோடு சேர்ந்து போகிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அது. 22 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். மிகேல் குனாட் என்ற ஸ்பானியர் முன்னின்று செய்தார், ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். அவர்கள் புதிதாக வெட்டியது குறைவு. பழைய கரத்தை றோட்டையும் தோட்டத்துக் குறுக்குப் பாதையையும் கண்டுபிடித்து ஒன்றோடொன்று கோத்தார்கள்.

அந்தப் பழைய வழிகள் எதற்காக வந்தன என்பதை இடத்தின் பெயரே சில சமயம் சொல்லிவிடும். லூல்கந்துரவுக்கு அடுத்து வருவது தவலந்தென்ன. தவலம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம், தென்ன என்றால் சிங்களத்தில் சமதரை. வண்டிப் பாதை வருவதற்கு முன் உப்பும் கருவாடும் பாக்கும் மாட்டு முதுகில் ஏறி இறங்கின. மாடு களைத்து நின்ற தரை அது. எங்கள் ஓட்டத்தில் முதல் இளைப்பாறும் இடமும் அங்கேதான் வருகிறது. ஏற்றத்தையும் தண்ணீரையும் பார்த்து முடிவு செய்தோம், பெயரின் பொருள் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாட்டுக்குத் தெரிந்த கணக்கும் ஓட்டக்காரனுக்குத் தேவையான கணக்கும் ஒன்றுதான்.

அடுத்தது பூண்டுலோயா, பிறகு வட்டகொடை. இடையில் மடகும்புர தோட்டம் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த தோட்டம். மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியவர் அவர். பாராளுமன்றத்தில் உட்கார்ந்தவர், தொழிற்சங்கத்தில் நடந்தவர். அங்கே நின்று பிள்ளைகளிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. வட்டகொடையைத் தாண்டிக் கொட்டகலை, நோர்வூட், கடைசியில் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு.

தொடக்க இடத்துக்குத் திரும்புகிறேன். லூல்கந்துர எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். இரண்டு வருடத்தில் கோப்பியை இலைநோய் பிடித்தது. கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. டெய்லர் 1892இல் லூல்கந்துரவிலேயே இறந்தார். அவருடைய உடலைக் கண்டி மகியாவை மயானத்துக்குக் கொண்டுபோன விதம் புத்தகங்களில் இருக்கிறது. மிகப் பாரமான மனிதர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம், மொத்தம் இருபத்துநாலு பேர், நாலு மைலுக்கு ஒரு கூட்டம் தோள் மாற்றிச் சுமந்தார்கள். காலையில் புறப்பட்டுப் பின்னேரம் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விளையாட்டு ஆசிரியன் கண்ணுக்கு இது ஒரு தொடரோட்டம். மலை வழியில், தோளில் சவப்பெட்டியோடு, மைல் கணக்கு வைத்து ஆள் மாற்றி, ஒரே பகலில் முடித்திருக்கிறார்கள். இன்றைக்கு இப்படி ஒன்றை ஒழுங்கு செய்யச் சொன்னால் எனக்கு ஒரு மாதம் வேண்டும். டெய்லரின் உயரம், பாரம், கடிதங்கள், கல்லறை எல்லாம் பதிவில் இருக்கின்றன. அந்த இருபத்துநாலு பேரில் ஒருவருடைய பெயரையும் நான் எங்கும் வாசிக்கவில்லை.

பெயர் என்று சொன்னதும் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதான் பெயர். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பதிந்தால் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேர் விழுந்துச்சு?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். பேர் விழாத நாள், உழைத்தாலும் உழைக்காத நாள்தான். சின்ன வயதில் என் அம்மா அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கிய நாட்களில் வீட்டில் சத்தமே இருக்காது.

என் தாத்தாவுக்கு முழுப்பேர் விழும். அவர் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தப்பால்காரர்.

தப்பால் என்ற சொல் இப்போதைய பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. தபால்தான். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் 1832இலேயே குதிரைத் தபால் வண்டி வந்துவிட்டது. கண்டிக்கு மேலே வெகுகாலம் கடிதம் காலால்தான் ஏறியது. ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல், ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு அடுத்த வருடம். கோச்சி வந்த பிறகும் ஸ்டேசனிலிருந்தும் தபாற்கந்தோரிலிருந்தும் தோட்டத்துரையின் பங்களா வரைக்குமான மலை, கால் உள்ளவனுக்கே விடப்பட்டது. ஒவ்வொரு தோட்டமும் அதற்கென்று ஓர் ஆளை வைத்திருந்தது. மழையோ பனியோ, அந்த ஆள் நாள் தவறாமல் போய்வர வேண்டும்.

தாத்தாவின் வேலையை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலை பங்களாவில் பூட்டிய தோல்பையை வாங்குவார். ஒரு திறப்பு துரையிடம், இன்னொன்று தபாற்கந்தோரில். டிக்கோயா வரைக்கும் குறுக்கிலே இறங்குவார். கடிதம், பத்திரிகை, பாண், சில நாள் துரைக்கு இறைச்சிப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் மேலே வந்துவிட வேண்டும். போகவரப் பதினாலு மைல். வெறுங்கால், தலையில் கம்பளி, கையில் கம்பு. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

அவர் என் அப்பாவுக்குச் சொல்லி, அப்பா எனக்குச் சொன்னது இது: "ஏத்தத்துல நட. சமத்துல ஓடு. எறக்கத்துல முட்டிக்கு வேல குடுக்காத, இடுப்புக்குக் குடு." முப்பது வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். இன்றைக்கு நெடுந்தூர மலை ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் ஏற்றத்தில் ஓடாதே, நட என்றுதான் சொல்கிறார்கள். தாத்தா பத்தொன்பது வருடம் அந்த வழியில் போய் வந்தார். வாரத்துக்கு ஆறு நாள் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பதாயிரம் மைலைத் தாண்டும். அந்தக் குறுக்குப் பாதையின் ஒரு துண்டு எங்கள் ஓட்ட வழியில் வருகிறது. அதைச் சேர்க்க நான் எந்தத் தயவும் காட்டவில்லை. சரிவு அளக்கும் கருவி காட்டிய மிகச் சிறந்த சரிவு அதுதான்.

தாத்தாவுக்கு முந்திய தப்பால்காரர்கள் பையில் இன்னொன்றும் போனது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஆள் திரட்டி வேலை வாங்கும் ஒரு கங்காணியின் கூட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்த்தால் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தச் சீட்டுக்கு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். தன் உறவுக்காரர்களின் கடன் எவ்வளவு என்பதைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாசிக்கத் தெரியாமல் ஓடியவர்கள் அவர்கள்.

ஓட்டம் நடத்துபவனுடைய முதல் கடமை என்ன என்று பிள்ளைகளைக் கேட்டேன். பரிசு என்றான் ஒருவன். வழியில் அடையாளம் போடுவது என்றான் இன்னொருவன். தாதிப் பிள்ளை சரியாகச் சொன்னாள்: "எத்தன பேர் போனாங்களோ அத்தன பேரும் திரும்பி வந்தாங்களான்னு பாக்கணும் சேர்." அதுதான். தண்ணீர், வைத்தியம், இரவு விளக்கு எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான். ஒவ்வொரு தரிப்பிலும் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்திருப்பார், ஓடி வருபவனின் இலக்கத்தைப் பதிவார். ஓர் இலக்கம் வராவிட்டால் தேடிப் போக ஆள் இருக்கும். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் மெதுவாக வருவார். அவருக்கு முன்னால் போக வேண்டியவர் எவரும் வழியில் விழுந்து கிடக்கக் கூடாது.

இந்த மலைக்கு எங்கள் ஆட்கள் வந்த முதல் நெடும்பயணத்தில் அந்தக் கொப்பியும் இல்லை, பின்னால் வருபவரும் இல்லை.

1820களில் கண்டிப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1840களில் அது வெறியாகப் பரவியது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி ஆட்கள் புறப்பட்டார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். இடையில் கிடந்தது வறண்ட காடு. குளங்கள் உடைந்து கிடந்த நாடு. கங்காணி முன்னே போவார். அரிசியும் சட்டியும் அவரவர் தலையில். வழிச் சாப்பாட்டுக்கான செலவும் பற்றில் ஏறிக் கடனோடு சேரும். நாளுக்குப் பதினைந்து மைல் வைத்தாலும் பத்து நாள்.

150 மைல் என்றால் 240 கிலோமீற்றர். மொரோக்கோவின் சகாராப் பாலைவனத்தில் 1986இலிருந்து நடக்கும் 'மரதன் தெ சாப்ள்' ஓட்டம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர், பல நாள் ஓட்டம். உலகத்தின் மிகக் கடினமான ஓட்டங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். சாப்பாட்டை அவரவர் முதுகில் சுமக்க வேண்டும், தண்ணீரை நடத்துபவர்கள் அளந்து கொடுப்பார்கள், டொக்டர்கள் கூடவே இருப்பார்கள். அந்தத் தூரத்தைத் தண்ணீர் கொடுப்பாரும் டொக்டரும் இல்லாமல், கைக்குழந்தையோடும், வாந்திபேதி பிடித்த காலத்திலும் எங்கள் முப்பாட்டிகளும் முப்பாட்டன்களும் நடந்தார்கள். அவர்கள் பந்தயத்துக்கு வரவில்லை. மாத்தளையைத் தாண்டிய பிறகு தோட்டம் வரைக்கும் ஏற்றம் வேறு மிச்சம் இருந்தது.

காலமும் பிழை. கோப்பிப் பழம் எடுப்பது வருடக் கடைசி மாதங்களில். அதற்கு வந்து சேர ஆடி, ஆவணியில் புறப்பட வேண்டும். மன்னாருக்கும் தம்புள்ளைக்கும் இடையில் அந்த மாதங்களில் குளத்தடியில் சேறுகூட மிஞ்சாது. பிந்திப் புறப்பட்டால் மழையும் காய்ச்சலும் பிடிக்கும். ஓட்டத்துக்கு நாள் குறிப்பவன் எவனும் அந்த வழிக்கு அந்த மாதத்தைக் குறிக்க மாட்டான். நாளைக் குறித்தது கோப்பி மரம்.

நோய் கண்டவர்களை வழியில் விட்டுப் போனார்கள். அதைப் பார்த்த வெள்ளையர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்பதுதான் தெரியாது. 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. கிறிஸ்டோபர் எலியட் என்ற மருத்துவர் அதன் ஆசிரியராக இருந்த காலம். 1841 முதல் வந்து இறங்கியவர்கள் இத்தனை, திரும்பிப் போனவர்கள் இத்தனை, தோட்டங்களில் இருக்கக்கூடியவர்கள் இத்தனை, கழித்தால் மிச்சம் 70,000, அவர்கள் இறந்திருக்க வேண்டும் என்று அது எழுதியது. அந்த எண் கூடுதல் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு, ஏற்பவர்களும் உண்டு. எண் எவ்வளவு என்பதில் நான் தலையிடவில்லை. அது வந்த விதத்தைத்தான் நான் விடமாட்டேன். துறைமுகத்தில் தலை எண்ணினார்கள். தோட்டத்தில் பேர் போட்டார்கள். இடையில் இருந்த 150 மைலில் எண்ணுவார் இல்லை. இறந்தவர்களைக் கழித்தல் கணக்கில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு வழியில் கிணறுகள் வந்தன, தங்கு மடுவங்கள் வந்தன, ஆஸ்பத்திரிகள் வந்தன. 1854இல் கண்டியில் கூடிய தோட்டக்காரர் சங்கமும் வழியைத் திருத்தச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்டது. ஆள் வந்து சேராவிட்டால் அவர்களுக்குத்தான் நட்டம். நூற்றாண்டு முடியும்போது பிளேக் நோய்ப் பயத்தில் வடக்கு வழியை அடைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் ஏற்றினார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகு மண்டபம் முகாம் வழியாக ஆள் வந்தது. அதற்குள் ஆளை எண்ணப் பழகியிருந்தார்கள். தகரத்தில் இலக்கம் அடித்து ஒவ்வொருவரிடமும் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், செலவை யாரிடம் பிடிக்க வேண்டும் என்பதை அந்தத் தகரம் சொல்லும். எங்கள் ஓட்டக்காரர்களின் நெஞ்சில் குத்தப் போகும் இலக்கத் துணிக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த நாளில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் இலக்கத்துக்கு மேலே பெயரையும் பெரிய எழுத்தில் அச்சடிக்க முடிவு செய்தார்கள். செலவு கொஞ்சம் கூடும். பரவாயில்லை.

எண்ணிக்கை அதோடு முடியவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்களை நாட்டில் எண்ணாமல் விட்டது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னோம். என் சித்தப்பா குடும்பம் அதில்தான் போனது. வந்து இறங்கிய அதே கரைக்கு, எதிர்த் திசையில்.

ஓட்டத்துக்கு இன்னொரு பெரிய வேலை அனுமதி. எங்கள் வழி ஒன்பது தோட்டத்துக்குள்ளால் போகிறது. ஒவ்வொரு மனேஜரிடமும் கடிதம் வாங்க வேண்டும். பலர் அன்பாகவே தந்தார்கள். ஒருவர் மட்டும் தர நாலு மாதம் எடுத்தார். அந்த நாலு மாதமும் எனக்கு நடேசய்யரின் நினைவு. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையைப் பார்க்க வந்தபோது தோட்டத்துக்குள் வெளியாள் நுழையக் கூடாது. துணி வியாபாரி போல மூட்டையோடு லயம் லயமாகப் போய்ப் பார்த்தார். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தார். இந்த மலைப் பாதைகளில் நடப்பதே அத்துமீறல் வழக்காகும் காலம் இருந்தது. பாதையை வெட்டியவர்களின் வீட்டுக்கு விருந்தாளி வருவதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்தது. அதனால் பிள்ளைகளிடம் ஒரு நிபந்தனை போட்டேன். மனேஜரின் கடிதம் கட்டாயம் வேண்டும். அதற்கு முன் லயத்துக்குப் போய்த் தலைவரையும் பெண்களையும் கோயில்காரர்களையும் கேட்க வேண்டும். இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு அவர்கள் வாசலால் ஓடப் போகிறவர்கள் நாங்கள்.

கேட்டதால் வழியே மாறியது. மனேஜர் காட்டிய நடுப்பாதையில் குளவிக் கூடு இருப்பதைக் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சொன்னார். குளவி கொட்டித் தோட்டத்தில் ஆள் சாவது இன்னும் நிற்கவில்லை. மரக்கறித் தோட்ட ஓரத்தில் பன்றிக்குக் கண்ணி வைக்கும் இடங்களை ஒரு பெரியவர் காட்டினார். அந்தக் கம்பி மனிதன் காலையும் பிடிக்கும். நல்லதண்ணிப் பக்கம் 2020 மே மாதம் கண்ணியில் மாட்டிச் செத்தது ஒரு கருஞ்சிறுத்தை. நாளும் அவர்கள் சொன்னபடிதான். வைகாசியிலிருந்து ஹட்டன், நோர்வூட் பக்கம் மழை கொட்டும், அப்போது வேண்டாம். மார்கழிப் போயாவிலிருந்து சிவனொளிபாத யாத்திரை தொடங்கி ஹட்டன் றோட்டு நிரம்பும், சனி ஞாயிறு வேண்டாம். மாசி நடுவில் ஒரு கிழமை நாளைக் குறித்திருக்கிறோம். இரவில் பனி கொட்டும், ஆனால் தரை காய்ந்திருக்கும்.

மண்சரிவுக்குத் தனித் திட்டம் எழுதினோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று பல நாள் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்நூறு என்றார்கள், நூறு என்றார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். 2014இலும் கழித்தல் கணக்குத்தான்.

இன்றைக்கும் பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. இருபது குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். யாராவது கொண்டுவந்தால் உண்டு. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்த பிறகு கிடைத்தது. தாத்தா காலத்தில் பை தினம் வந்தது, வேலைக்கென்று ஓர் ஆள் இருந்தார். அவன் அந்தக் கடிதத்தோடு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. இப்போது அவன்தான் கொட்டகலையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவன். எங்கள் தரிப்புகளில் பதிவுக் கொப்பியை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறோம்.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று நினைவு கூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 252 கிலோமீற்றர் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தார்கள். அறுபது வயதில் என்னால் முழுக்க நடக்க முடியவில்லை. மதவாச்சிக்குப் பிறகு மூன்று நாள் சேர்ந்து நடந்தேன். ஒவ்வோர் ஊரிலும் சிங்கள, முஸ்லிம், தமிழ் வீடுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெடும்பயணம் ஒன்றை எப்படி ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் பார்த்தேன். வைத்திய வண்டி கூடவே வந்தது. பின்னால் நடந்து வருபவர்களுக்காக முன்னால் போனவர்கள் நின்றார்கள். ராத்திரி தங்கும் இடத்தில் ஒருவர் எங்களை எண்ணினார்.

எங்கள் ஓட்டத்துக்கு வழியில் எட்டுத் தரிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அந்த மலையில் வேலை செய்த ஒருவருடைய பெயரை வைக்கப் போகிறோம். தப்பால்காரர், கானு வெட்டியவர், கொழுந்து மூட்டை சுமந்தவர், பிள்ளைக்காம்பரா ஆயா என்று யாராகவும் இருக்கலாம். தாதிப் பிள்ளை லயங்களில் கேட்டுக் கேட்டு மூன்று பெயர் வாங்கி வந்திருக்கிறாள், ஒன்று என் தாத்தாவுடையது. இன்னும் ஐந்து வேண்டும். தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கம் பாட்டன் பாட்டி இருந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெயரும், பார்த்த வேலையும், எந்த மலை என்பதும் தெரிந்தால் போதும். தைப் பொங்கலுக்கு முன் சொல்லியனுப்புங்கள், பலகை எழுதக் கொடுக்க வேண்டும்.